45க்கு மேல் பெண்களின் வேகம் இருமடங்காகச் சரிகிறதா?

அல்சூர் ஏரிக்கரை – ஏப்ரல் 27, இரவு 8:40

காலையில் 10கே (பத்து கிலோமீட்டர்) ஓட்டம் முடிந்து, பெங்களூர் கப்பன் பார்க் பக்கம் இட்லிக்கு நின்ற இடத்தில் கிளம்பிய சண்டை. ஒரு கோச் சொன்னது: "ஆணுக்கு வயதாகும். பெண்ணுக்கு 45இல் கதவு சாத்திவிடும். அதன்பிறகு ஆண் இழப்பதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தை இழப்பாள்." சாட்சிக்கு வெட்டரன் (மூத்தோர்) உலக சாதனைப் பட்டியலைக் காட்டினார். அங்கே நின்ற பெண்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறுக்கக் கையில் எண்ணும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சொந்தக் கதை வேண்டாம், கணக்கு வேண்டும்.

நிறுத்துக்கடிகாரம் – ஏப்ரல் 27, இரவு 10:15

கோச் பாதி சரி. மாரத்தானை எடுப்போம். ஆண்களில் கெல்வின் கிப்டும் 2023இல் சிகாகோவில் 2:00:35. பெண்களில் டிக்ஸ்ட் அசெஃபா அதே ஆண்டு பெர்லினில் 2:11:53. இடைவெளி 9.4%.

இப்போது அறுபதுக்கு வாருங்கள். வட அயர்லாந்தின் டாமி ஹியூஸ் 2:30:02. ஜப்பானின் மாரிகோ யுகேட்டா 2:52:13. இடைவெளி 14.8%. அந்தந்தப் பக்கத்து இளையவரின் நேரத்தோடு ஒப்பிட்டால் ஆண் 24% மெது, பெண் 31% மெது. விரிகிறது, ஆனால் இருமடங்கு எல்லாம் இல்லை. ஒன்றேகால் மடங்கு.

காரணம் மாதவிடாய் நிற்பது. ஆணின் டெஸ்டோஸ்டிரோன் வருடத்துக்கு ஒரு சதவீதம் போலக் கசிகிறது, பெண்ணின் ஈஸ்ட்ரோஜன் சில ஆண்டுகளுக்குள் மொத்தமாக விழுகிறது. ஒருவருக்குச் சாய்தளம், ஒருவருக்குப் படிக்கட்டு. அவ்வளவுதான் வழக்கு.

கணக்குப்பிள்ளை – இரவு 10:52

அவ்வளவுதான் இல்லை. ஹியூஸ் ஓடியபோது வயது 60. யுகேட்டாவுக்கு 62. அந்த வயதில் இரண்டு வருடம் சும்மாவா?

நிறுத்துக்கடிகாரம் – இரவு 11:05

சரி, பிடித்துவிட்டீர்கள். அறுபதைத் தொட்டபின் வருடத்துக்கு ஒரு சதவீதமாவது போகும். இரண்டு வருடத்தைக் கழித்தால் இடைவெளி 12, 13% பக்கம் இறங்கும். கோச்சின் இருமடங்கு இன்னும் மெலிகிறது.

நிறுத்துக்கடிகாரம் – ஏப்ரல் 28, காலை 5:20

படிக்கட்டு உவமையை வாபஸ் வாங்குகிறேன். மாதவிடாய் நிற்பதுதான் முழுக் காரணம் என்றால், பெண்களின் வயதுவாரிச் சாதனைகளை வரைந்தால் ஐம்பது அருகே ஒரு பள்ளம் தெரிய வேண்டும். தெரிவதில்லை. ஆண்களுக்கு வருவது போலவே வழுவழுப்பான வளைவுதான்: 35 வரை கிட்டத்தட்ட சமதளம், அதிலிருந்து அறுபது, அறுபத்தைந்து வரை வருடத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம், பிறகு செங்குத்து, எண்பதுக்கு மேல் மலைச்சரிவு.

ஒரே வயது ஜோடி ஒன்று கிடைத்தது. கனடாவின் எட் விட்லாக் 76 வயதில் 3:04:54. அமெரிக்காவின் ஜீனி ரைஸ் 2024 லண்டனில், அதே 76 வயதில், 3:33:27. இடைவெளி 15.4%. அறுபதில் 13 என்றால் எழுபத்தாறில் 15. பதினாறு வருடத்தில் இவ்வளவே. இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடக்கூடாது என்று கணக்குப்பிள்ளை வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நிறுத்துக்கடிகாரம் – காலை 5:48

அதைவிடச் சுவாரசியம் 100 மீட்டரில். உசைன் போல்ட் 9.58, எலைன் தாம்சன்-ஹேரா 10.54. இடைவெளி 10%. ஐம்பது வயதில்? வில்லி கால்ட் 10.88. மெர்லின் ஓட்டி 2010இல் 11.67. இடைவெளி 7.3%.

சுருங்குகிறது! கோச்சின் விதிப்படி பார்த்தால் ஐம்பதில் பெண்களுக்கு இளமை திரும்புகிறது.

உண்மை என்னவென்றால், மூத்தோர் சாதனை என்பது ஒரு தனி ஆளின் வாழ்க்கை வரலாறு. ஓட்டி 36 வயதில் 10.74 ஓடியவர், ஐம்பத்திரண்டிலும் ஐரோப்பியப் போட்டியில் நின்றவர். அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் வரைபடமே மாறிவிடும். பெயரே ஓட்டி, வேறென்ன செய்வார்.

அல்சூர் ஏரிக்கரை – காலை 7:30

அப்படியானால் மாரத்தானில் ஏன் விரிகிறது? அங்கே ஒரு ஓட்டி இல்லை என்பதாலா?

நிறுத்துக்கடிகாரம் – காலை 9:10

ஓரளவு அதேதான். இன்னும் நீளமாகச் சொல்ல வேண்டும்.

1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள், உடனே எடுத்தார்கள். திரும்ப வந்தது 1960இல். 1500 வந்தது 1972இல். பாஸ்டன் மாரத்தான் பெண்களை அதிகாரபூர்வமாகச் சேர்த்ததும் 1972இல்தான். ஒலிம்பிக் மாரத்தான் 1984, பத்தாயிரம் 1988, ஐயாயிரம் 1996. கம்பூன்றித் தாண்டுதலுக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2000இல் நாற்பது வயதான பெண் இன்று அறுபத்தைந்துப் பிரிவில் நிற்கிறாள். இருபதில் கம்பே பிடிக்காதவளின் உயரத்தை, இருபதிலிருந்து தாண்டும் ஆணோடு வைத்து "பெண் உடல் சரிகிறது" என்று எழுதினால் அது உடற்கூறு அல்ல, வரலாறு.

யுகேட்டாவுக்கு 26 வயதானபோதுதான் முதல் ஒலிம்பிக் பெண்கள் மாரத்தான் நடந்தது. ஹியூஸ் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் மாரத்தான் வீரர். அடித்தளமே வேறு.

இன்னொன்று கூட்டம். வயது ஏற ஏறப் பெண்கள் எண்ணிக்கை ஆண்களைவிட வேகமாக மெலிகிறது. நூறு பேரில் முதலாவது வருபவரும் பத்துப் பேரில் முதலாவது வருபவரும் ஒன்றல்ல. எழுபதுக்கு மேல் நம் ஊர்ப் போட்டி முடிவுகளைத் திறந்தால் பெண்கள் பக்கத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கணக்குப்பிள்ளை – காலை 11:40

பாஸ்டன் தகுதி நேரத்தைப் பாருங்கள், வேடிக்கை. 2026 பட்டியலில் 18–34 ஆண் 2:55, பெண் 3:25. 50–54இல் 3:20, 3:50. எண்பதுக்கு மேல் 4:50, 5:20. எந்த வயதுக்கும் பெண்ணுக்கு நேராக அரைமணி கூடுதல். சதவீதமாக்கினால் இளம்பெண்ணுக்கு 17% சலுகை, எண்பது வயதுப் பாட்டிக்கு 10%.

நிறுத்துக்கடிகாரம் – மதியம் 12:05

ஆமாம். சாதனைகளில் இடைவெளி விரியும்போது தகுதி நேரத்தில் சுருங்குகிறது. இளம்பெண்களுக்குத் தாராளம், பாட்டிகளுக்குக் கஞ்சத்தனம். நம் ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, தகுதி நேரம் ஓடினால் மட்டும் போதாது. விண்ணப்பம் அதிகமானால் அதைவிட எத்தனை நிமிடம் வேகம் என்று பார்த்து வெட்டுவார்கள்.

இரும்புக்கிழவி – மதியம் 2:20

ஓட்டக்காரர்கள் ஓட்டத்தை மட்டுமே பார்க்கிறீர்கள். எந்தத் திறன் எந்த வரிசையில் போகிறது என்று பாருங்கள். முதலில் போவது வெடிப்பு வேகம். அடுத்தது பலம். கடைசியில்தான் தாக்குப்பிடிக்கும் சக்தி. அதனால்தான் பளுதூக்குதலில் வெடித்தாற்போல் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் எடைகள், மெதுவாகப் பலத்தால் தூக்கும் பவர்லிஃப்டிங்கின் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்டைவிட (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) வேகமாகச் சரிகின்றன. காரணம் நரம்பு. தசையை இயக்கும் நரம்பணுக்கள் வயதோடு சாகின்றன. தசையின் வேக இழைகள் கேட்பாரற்றுச் சுருங்குகின்றன. மெதுவான இழைகள் பெரிய அடி வாங்குவதில்லை.

பெண்ணுக்குத் தொடக்கத்திலேயே தசைக் கையிருப்பு குறைவு. அதே சதவீதம் இழந்தாலும் "இதற்குக் கீழே போனால் மாடிப்படி ஏற முடியாது" என்ற கோட்டை அவள் முதலில் தொடுகிறாள். மாதவிடாய் நின்றபின் எலும்பும் சேர்ந்து தேய்கிறது. இந்தியாவில் அது 46, 47 வாக்கிலேயே வந்துவிடுகிறது. கோச் சொன்ன கதவு இதுவாக இருந்தால் அரைக் கதவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாழ்ப்பாள் உள்பக்கம்.

நிறுத்துக்கடிகாரம் – மாலை 6:30

இதற்குத்தான் காத்திருந்தேன். நீண்ட ஓட்டத்துக்கு மூன்று முதலீடு: வி.ஓ.2 மேக்ஸ் (உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன், கிலோ எடைக்கு மில்லிலிட்டரில்), அதில் எத்தனை சதவீதத்தை நெடுநேரம் தாங்குகிறோம் என்பது, அப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவு என்ற சிக்கனம். மூன்றாவது, தொடர்ந்து ஓடுபவர்களுக்கு வயதானாலும் பெரிதாகக் கெடுவதில்லை. முதலாவதுதான் ஓட்டை. உட்கார்ந்தே இருப்பவருக்குப் பத்தாண்டுக்குப் பத்து சதவீதம் போகும், கடும் பயிற்சியை விடாதவருக்குப் பாதியோடு நிற்கலாம். விட்லாக்குக்கு 81 வயதில் அளந்தபோது வி.ஓ.2 மேக்ஸ் 54 இருந்தது. அவர் பயிற்சி, வீட்டருகே ஒரு கல்லறைத் தோட்டத்தைத் திரும்பத் திரும்ப மெதுவாகச் சுற்றுவது, மூன்று மணி நேரம் வரை. நம் ஊரில் செய்தால் பேய் ஓட்டுகிறார் என்பார்கள்.

குறுகிய ஓட்டத்தில் வேறு கதை. காலடி எண்ணிக்கை அவ்வளவாகக் குறைவதில்லை. அடியின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் ஒட்டும் நேரம் கூடுகிறது. இழப்பு பத்தாண்டுக்கு ஐந்தாறு சதவீதம்தான். கிம் காலின்ஸ் நாற்பதில் 9.93 ஓடினார்.

அல்சூர் ஏரிக்கரை – இரவு 8:15

55 வயதுப் பெண்ணுக்கு வாட்ச் அதிகபட்சத் துடிப்பு 165 என்கிறது, ஓடும்போது 176 காட்டுகிறது. எது பொய்?

நிறுத்துக்கடிகாரம் – இரவு 9:00

இரண்டுமே பொய்யாக இருக்கலாம்.

165 என்பது 220இல் வயதைக் கழித்தது. பல வாட்ச்களில் அதுவே ஆரம்ப அமைப்பு. அந்தச் சூத்திரம் இளையவர்களுக்குக் கூட்டியும் மூத்தவர்களுக்குக் குறைத்தும் காட்டும். 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்பது பரவாயில்லை: 55க்கு 169.5. பெண்களை மட்டும் அளந்து வந்த 206 கழித்தல் 0.88 மடங்கு என்பது 157.6 தரும். பன்னிரண்டு துடிப்பு வித்தியாசம்! எந்தச் சூத்திரத்திலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு இப்படி அப்படிப் போகும். சூத்திரத்தை நம்பிப் பயிற்சி மண்டலம் வகுத்தால் சுலப ஓட்டம் கடின ஓட்டமாகிவிடும், அல்லது தலைகீழாக.

176? மணிக்கட்டு ஒளி உணரி சில நேரம் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170, 180 காலடி போடுபவர்களுக்கு அது அப்படியே துடிப்பாகத் தெரியும். பட்டை தளர்வாக இருந்தால் நிச்சயம் நடக்கும். மார்புப் பட்டை வாங்கச் சொல்லுங்கள். நேரில் அளக்க: 20 நிமிடம் சூடேற்றம், மிதமான ஏற்றத்தில் 3 நிமிடம் மூன்று முறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடினமாக, நடுவில் மெதுவாக இறங்கி வர வேண்டும். மூன்றாவதன் கடைசி நிமிடம் உயிரைக் கொடுத்து. அங்கே தெரியும் உச்ச எண் அவருடையது. பிரஷர், சர்க்கரை, குடும்பத்தில் இதயநோய் இருந்தால் டாக்டரிடம் டி.எம்.டி. (டிரெட்மில்லில் இதயப் பரிசோதனை) செய்த பிறகுதான் இது.

அதிகபட்சத் துடிப்பு பத்தாண்டுக்கு ஏழு போலக் குறைவதைப் பயிற்சி தடுக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வரி.

இரும்புக்கிழவி – ஏப்ரல் 29, காலை 6:00

தடுக்கக்கூடியதைச் சொல்கிறேன். வாரம் இரண்டு நாள் இரும்பு. ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ், ருமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), தலைக்கு மேல் தூக்குதல், இழுக்கும் பயிற்சி ஒன்று. ஏழு முறை தூக்க முடிகிற எடையில் ஐந்து முறை, மூன்று செட், நடுவில் 2–3 நிமிடம் ஓய்வு. "டோன் ஆகட்டும்" என்று ரெண்டு கிலோ டம்பெல்லை முப்பது முறை ஆட்டினால் எலும்புக்கும் வேக இழைக்கும் ஒன்றும் சேராது. பெண்களை இப்படி ஏமாற்றுகிற ஜிம்கள் ஏராளம்.

ஓட்டக்காரர்களுக்குக் கெண்டைக்கால். மூத்தவர்களின் ஓட்டத்தில் இடுப்பும் முழங்காலும் வேலையைத் தொடர்கின்றன, தரையைத் தள்ளும் கணுக்கால்தான் ஏமாற்றுகிறது. ஆண்களுக்கு நாற்பதுக்கு மேல் கெண்டைக்கால் பிடிப்பதும் குதிகால் தசைநாண் வீங்குவதும் அதனால்தான். படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது, 3 செட், 12 முதல் 15 முறை. இறங்க மூன்று நொடி. சுலபமானால் முதுகுப்பையில் அரிசி.

சாப்பாடும் உண்டு. வயதான தசைக்கு அதே அளவு புரதம் உறைக்காது. ஒரு வேளைக்கு 25–30 கிராம், நாளுக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6. அறுபது கிலோ பெண்ணுக்கு 72–96 கிராம். சாம்பாரில் இருக்கிறது என்பவர்கள் கரண்டியை எண்ணிப் பார்க்கட்டும். மீல்மேக்கர் உலர்ந்தது 50 கிராமில் 26, பன்னீர் 100 கிராமில் 18, மூன்று முட்டையில் 18.

நிறுத்துக்கடிகாரம் – காலை 6:45

இதோடு வேகம். சுலப ஓட்டத்தின் கடைசியில் 80 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (முழு வேகத்துக்குச் சற்றுக் குறைவான சின்ன ஓட்டம்) ஆறு, நடந்தே திரும்பி வருவது. பத்து நாளுக்கு ஒருமுறை ஏற்றத்தில் 8 நொடிப் பாய்ச்சல், ஆறு முதல் எட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நிமிடம். பெங்களூரில் ஏற்றத்துக்கா பஞ்சம். ஏற்றத்தில் பின்தொடைத் தசை அதிகம் நீளாது, அதனால் சமதளப் பாய்ச்சலைவிடக் கிழிவது குறைவு.

மூத்தோர் செய்யும் பெரிய தவறு, வேகத்தை விட்டுவிட்டு மெதுவான கிலோமீட்டரை மட்டும் கூட்டுவது. அடுத்த தவறு, முப்பது வயது அட்டவணையையே வைத்துக்கொள்வது. கடினமான இரண்டு நாளுக்கு நடுவே 48 மணி போதாமல் 72 தேவைப்படும். அதனால் வாரக் கணக்கை விட்டு ஒன்பது, பத்து நாள் சுற்றாக எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை – காலை 10:30

ஒரு சந்தேகம். குண்டெறிதலில் 60 வயதுக்காரர் 50 வயதுக்காரரைவிடத் தூரம் எறிந்தாராம், ஒரு மாநிலப் போட்டியில். சரிவு எங்கே?

நிறுத்துக்கடிகாரம் – காலை 10:50

குண்டில். ஆண்களுக்கு 49 வரை 7.26 கிலோ, ஐம்பதுகளில் 6, அறுபதுகளில் 5, எழுபதுகளில் 4, எண்பதுக்கு மேல் 3. பெண்களுக்கு 49 வரை 4, 50–74க்கு 3, அதற்கு மேல் 2. ஈட்டி, தடை உயரம் எல்லாம் இப்படியே இறங்கும். எறிதல் சாதனைகளை வயதுவாரியாக அடுக்கி வரைந்தால் பல் பல்லாகத் தெரிவது அதனால்.

பிரிவு மாறுவதற்குப் போட்டியின் முதல் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. ஐம்பது பிறந்த மறுநாள் புதுப் பிரிவில் இறங்குபவருக்குத் திருவிழா, அதே பிரிவில் ஐம்பத்துநான்குக்காரருக்குச் சோதனை.

இரும்புக்கிழவி – மதியம் 1:15

பிறந்த தேதியே நிஜமாக இருந்தால். தலைக்கு மேல் கையைச் சுற்றி மறுகாதைத் தொட்டவுடன் ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்ட தலைமுறைதானே இன்று எழுபதில் ஓடுகிறது.

நிறுத்துக்கடிகாரம் – மதியம் 1:40

சிரிப்பாக இருந்தாலும் பெரிய விஷயம். ஃபௌஜா சிங் 2011இல் டொரண்டோ மாரத்தானை நூறு வயதில் முடித்தார், கின்னஸ் ஏற்கவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காக. எழுபதுக்கு மேல் இரண்டு வயது தவறு என்றால் நேரத்தில் மூன்று நான்கு சதவீதம். ஆண் பெண் இடைவெளியைப் பற்றி இவ்வளவு சண்டை போட்டோமே, அதன் விரிவில் பெரும்பகுதியை ஒரு வாத்தியாரின் பேனாவே விழுங்கிவிடும்.

அல்சூர் ஏரிக்கரை – மாலை 7:10

சரி, ஒருவர் தன் சரிவைத் தானே அளக்க என்ன வழி? கோச்சுக்கு எண் காட்ட வேண்டும்.

நிறுத்துக்கடிகாரம் – இரவு 9:30

ஏஜ் கிரேடிங். உங்கள் வயதுக்கும் பாலினத்துக்குமான அட்டவணை நேரத்தை (அந்த வயதின் உலக உச்சத்தை ஒட்டியது) உங்கள் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 60 உள்ளூர்த் தரம், 70 வட்டாரம், 80 தேசியம், 90 உலகம். வருடா வருடம் அந்தச் சதவீதம் அப்படியே நின்றால் உங்களிடமிருந்து போவது வயதுக்கு உரியது மட்டும். விழுந்தால் பயிற்சியோ தூக்கமோ காயமோ போகிறது. நாற்பதில் 10 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் ஓடியவர் ஐம்பதில் 48:30 ஓடினால் அது வயது. 54 ஓடிவிட்டு வயது என்றால் ஏற்க முடியாது, அதில் பாதிக்கு மேல் குறைந்த கிலோமீட்டர்.

பெண்களின் மூத்தோர் அட்டவணை மெலிந்த கூட்டத்திலிருந்து வந்தது என்பதால் அதில் கொஞ்சம் தாராளம் இருக்க வாய்ப்புண்டு. கணவன் 68, மனைவி 70 என்று ஒப்பிட்டு வீட்டில் சண்டை வேண்டாம். அவரவர் தங்கள் போன வருடத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அளக்கும் இடம் முக்கியம். கப்பன் பார்க் மரத்தடியில் ஜி.பி.எஸ். தடுமாறும். டிராக்கில் 5000 மீட்டர் ஓடுங்கள். அதே மாதம், அதே காலை நேரம். மூத்த உடல் வெக்கையில் முன்போல வியர்க்காது, தாகமும் தாமதமாகத் தெரியும். ஏப்ரலில் ஓடியதை டிசம்பரோடு ஒப்பிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. இந்த ஊர் 900 மீட்டர் உயரம், அதனால் சென்னை நேரத்தோடும் ஒப்பிடாதீர்கள். 5000 மீட்டர் என்பது டிராக்கில் பன்னிரண்டரைச் சுற்று.

கணக்குப்பிள்ளை – இரவு 9:52

பன்னிரண்டரை முதல் லேனுக்கு மட்டும். பயிற்சி நேரத்தில் பெரியவர்களை வெளி லேனுக்குத் தள்ளுவார்கள். எட்டாவது லேனில் ஒரு சுற்று 453 மீட்டர். பன்னிரண்டரை ஓடினால் 5.66 கிலோமீட்டர் ஆகிவிடும், அப்புறம் ஒரே இரவில் பத்து வயது கூடியது போலத் தெரியும்.

நிறுத்துக்கடிகாரம் – இரவு 10:01

திருத்தம்: எட்டாவது லேன் என்றால் 11 சுற்றும் 17 மீட்டரும்.